எந்தக் கட்டத்தில் எழுதுவது

தாய் சேய் நல அட்டையை யாரும் பிரதியாக எடுத்து வாசிப்பதில்லை. நான் வாசித்தேன். வகுப்பில் ஆண்டுக்கணக்காக ஆசிரியர், பிரதி, வாசகர் என்று பேசிப் பழகியவளுக்கு மருத்துவமனைச் சீட்டையும் அப்படித்தான் பார்க்கத் தோன்றுகிறது. பெண்ணின் பெயர், அடுத்து கணவர் பெயர், வயது, எத்தனையாவது பிரசவம், கடைசி மாதவிடாய்த் தேதி, எடை, இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின். அவளைப் பற்றி இவ்வளவு இருக்கிறது. அவள் சொன்னதாக ஒரு வரி இல்லை. எழுதுகிற செவிலியரும் பெரும்பாலும் பெண், எழுதப்படுகிறவளும் பெண். வாசகர் மட்டும் வேறு எங்கோ இருக்கிறார்.

அந்த வாசகருக்காகத்தான் அட்டையிலிருப்பது கணினிக்குப் போகிறது. தமிழ்நாட்டில் அதன் பெயர் பிக்மி. கர்ப்பம் உறுதியான நாளிலிருந்து பிரசவம், குழந்தையின் தடுப்பூசி வரை ஒவ்வொரு பெண்ணையும் 12 இலக்க எண் ஒன்றால் பின்தொடரும் பதிவேடு அது. 2017இல் அந்த எண் இருந்தால்தான் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் என்றார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவி 18,000 ரூபாய்க்கும் அந்த எண் வேண்டும். ஆகவே இதை விரும்பினால் சேரலாம், வேண்டாமென்றால் விடலாம் என்று யாரும் சொல்ல முடியாது.

இதனால் நன்மையே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. 2018–20 கணக்கெடுப்பின்படி ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54. இரத்தசோகை உள்ளவள், முதல் பிரசவம் அறுவையில் ஆனவள் யார் யார் என்று முன்கூட்டியே தெரிந்து, தேதி தவறினால் வீட்டுக்குத் தேடிப்போகிற ஏற்பாட்டுக்கு இதில் பங்குண்டு. அந்தத் தேடிப்போதலை மதிக்கிறேன். தேடிப்போனவர் திரும்பி வரும்போது எதை எடுத்து வருகிறார், எதை விட்டுவருகிறார் என்பதுதான் என் கேள்வி.

லாரன்ஸ் வீட் என்ற அமெரிக்க மருத்துவர் 1968இல் நோயாளிப் பதிவை ஒழுங்காக எழுதும் முறை பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். இன்றைய மின்னணுப் பதிவேடுகள் பலவற்றுக்கும் அவர் சிந்தனைதான் அடித்தளம். அவர் வழிவந்த குறிப்புமுறையில் நான்கு பகுதிகள்: நோயாளி சொல்வது, மருத்துவர் பார்த்து அளந்தது, அதிலிருந்து அவர் எட்டும் முடிவு, செய்யப்போவது. முதலில் வருவது நோயாளியின் சொல்! இதைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. நம் ஊர்த் திரைகளுக்கு வந்து சேர்வதற்குள் அந்த முதல் பகுதி, பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கட்டமாகச் சுருங்கிவிட்டது.

நம் பெண்கள் உடம்பைப் பற்றிப் பேசும் மொழி பட்டியலுக்குள் அடங்காது. 'நாள் தள்ளிப்போச்சு' என்பதில் சந்தோஷமும் இருக்கலாம், பயமும் இருக்கலாம். சொல்கிற தொனியில்தான் எது என்று தெரியும். 'கிறுகிறுன்னு வருது', 'அடிவயிறு இழுத்துப் புடிக்குது', 'உடம்பெல்லாம் அனலா இருக்கு'. இவற்றில் கிறுகிறுப்புக்கு உலக நோய்ப் பட்டியலில் ஓர் எண் உண்டு, ஆர் 42. அனலுக்கு? காய்ச்சல் இல்லை என்று வெப்பமானி சொல்லிவிட்டால் அந்த அனல் எங்கேயும் பதிவாவதில்லை. மொழிபெயர்ப்பில் விடுபடுவது பற்றி நாம் கருத்தரங்குகள் நடத்துகிறோம். இந்த மொழிபெயர்ப்பு ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும் நாள்தோறும் நடக்கிறது.

சடையங்குப்பத்திலிருந்து என் வகுப்புக்கு வரும் மாணவி ஒருத்தி, அவள் அம்மாவின் அனுமதியோடு, பத்தாண்டுச் சீட்டுகளை ஒரு பிளாஸ்டிக் கவரில் கொண்டுவந்து காட்டினாள். அம்மா முகத்துவாரத்தில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவர். சீட்டுகளில் தோல் அரிப்பு, வெள்ளைப்படுதல், மீண்டும் தோல் அரிப்பு. ஒவ்வொரு முறையும் களிம்பும் மாத்திரையும். தொழில் என்ற இடத்தில், இருந்த சீட்டுகளில் எல்லாம், 'இல்லத்தரசி'. மணிக்கணக்காக இடுப்பளவு தண்ணீரில் நிற்பவரை அந்த ஒரு சொல் கரையேற்றி அடுப்படியில் உட்காரவைத்துவிட்டது. "தண்ணியில எறங்கினா தொட வரிக்கும் எரியும் டீச்சரம்மா, அத்தச் சொன்னா இறங்காதன்றாங்க" என்றார் அவர்.

சடையங்குப்பத்தை அரசுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். புழல் ஏரி திறக்கப்படும்போதெல்லாம் வருகிற வெள்ள எச்சரிக்கையில் நாரவாரிக்குப்பம், வடகரை, கிராண்ட்லைன் என்று தொடங்கும் பெயர் வரிசை, மணலி தாண்டி சடையங்குப்பத்தில் வந்து நிற்கும். உபரிநீர் போகும் வழியில் இது கடைசி ஊர்களில் ஒன்று. ஒரு பக்கம் மணலியின் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலைகளும். இன்னொரு பக்கம் எண்ணூரின் அனல்மின் நிலையங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு மணலி சிபிசிஎல் ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகம்வரை படர்ந்தது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு, பெரியகுப்பத்தருகே கோரமண்டல் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. தூக்கத்திலிருந்த மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அன்று ஓடியவர்களில் ஒருத்தி ஐந்தாண்டு கழித்து மூச்சு வாங்குகிறது என்று போனால், அவளுடைய பதிவில் அந்த இரவு இருக்குமா? ஆஸ்துமா இருக்கும். இரவு இருக்காது.

கட்டமே இல்லை என்றால்கூட மன்னிக்கலாம். இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாவது நோய்ப் பட்டியலில் இசட் 58.1 என்றால் காற்று மாசுக்கு ஆட்பட்டவர். 58.2 நீர் மாசு, 58.3 மண் மாசு. தொழிலால் வரும் ஆபத்துகளுக்கு இசட் 57. நான் பார்த்த சீட்டு ஒன்றிலும் இந்த எண்கள் இல்லை. இவற்றை நிரப்பினால் நோய்க்குக் காரணமாக ஓர் ஆலையும் ஒரு வாய்க்காலும் பதிவில் வந்து உட்காரும். நிரப்பாவிட்டால் அவளுடைய சுத்தக்குறைவோ சாப்பாட்டுக்குறைவோ காரணமாகும். ஆயிரம் பெண்களின் பதிவில் இந்த எண் ஏறியிருந்தால் அதை எடுத்துக்கொண்டு பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பெண்ணை இவ்வளவு நுணுக்கமாகப் பின்தொடரும் பதிவேடு, அவள் குடியிருக்கும் இடத்தைப் பற்றி வாயைத் திறப்பதில்லை.

பகிர்வதைப் பற்றியும் பேசியாக வேண்டும். 2021 செப்டம்பரில் நாடு முழுவதும் தொடங்கப்பட்ட டிஜிட்டல் சுகாதாரத் திட்டம் ஒவ்வொருவருக்கும் 14 இலக்க ஆபா எண் ஒன்றைத் தருகிறது. எந்த மருத்துவமனைக்குப் போனாலும் பழைய பதிவுகளை அதன்வழி எடுக்கலாம், நம் ஒப்புதலோடு. ஒப்புதல் என்பது கைபேசிக்கு வரும் ஓடிபி. யாருடைய கைபேசி? எனக்குத் தெரிந்த வீடுகளில் பாதிக்குமேல் ஆதாரோடு இணைந்திருப்பது கணவரின் எண், அல்லது மூத்த மகனின் எண். "அவரு ஷிஃப்ட்டு முடிஞ்சி வந்தாத்தான் நம்பர் சொல்லுவாரு" என்று வரிசையைவிட்டு ஒதுங்கி நிற்கும் பெண்களை எந்த மருத்துவமனையிலும் பார்க்கலாம். கருக்கலைப்புச் சட்டப்படி வயதுவந்த பெண்ணுக்கு அவள் ஒப்புதல் போதும். கணவரின் சம்மதம் தேவையில்லை. சட்டம் வேண்டாம் என்று சொன்ன அந்த ஆளைத் தொழில்நுட்பம் மறுபடி கூப்பிட்டு உட்காரவைக்கிறது.

இதில் வேடிக்கை, காகிதக் காலத்து விதிகள் இதைவிட நாசூக்காக இருந்தன. கருக்கலைப்புக்கான 2003ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி சேர்க்கைப் பதிவேடு ஒரு இரகசிய ஆவணம். பெண்ணின் பெயர் அதில் மட்டும்தான் இருக்கும். மற்ற ஏடுகளில் வரிசை எண். ஒப்புதல் படிவத்தை உறையிலிட்டு ஒட்டி, மேலே 'இரகசியம்' என்று எழுதவேண்டும். ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றிய செய்தி எல்லார் மேசைக்கும் போகக்கூடாது என்று யோசித்த யாரோ அந்த விதியை எழுதியிருக்கிறார்கள். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலத் தகவலை மற்றத் தகவல்களைவிடக் கூடுதல் காப்புக்குரியதாகத் தனியே பிரிக்கவில்லை. 2011 விதிகளில் அந்தப் பிரிவு இருந்தது. அரசு உதவி வழங்குவதற்காகத் தகவலைக் கையாளும்போது புதிதாக ஒப்புதல் கேட்கத் தேவையில்லாத வழிகளும் புதிய சட்டத்தில் உண்டு. அதே 2023இல்தான் கோவின் தடுப்பூசிப் பதிவுகள் டெலிகிராமில் உலவியதாகச் செய்தி வந்தது.

பதிவேற்றும் பெண்களை இதற்கெல்லாம் குற்றம் சொல்லக்கூடாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடுவீடாகப் போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறவர்கள் சுயஉதவிக் குழுக்களிலிருந்து வந்த தன்னார்வலர்கள். அவர்கள் கையில் கிடைப்பதற்குச் சம்பளம் என்றுகூடப் பெயரில்லை, ஊக்கத்தொகை. வெயிலில் நடந்து, செயலி திறக்காமல், இரவு வீட்டில் சோறு வடித்தபின் உட்கார்ந்து ஏற்றுகிறார்கள்.

வடசென்னையில் அப்படியொரு அக்காவைத் தெரியும். கைபேசியோடு கோடு போட்ட நோட்டு ஒன்றும் வைத்திருக்கிறார். செயலியில் இடமில்லாததை அதில் எழுதுகிறார், எந்த வீடு என்று குறிக்காமல். "ராத்திரி கேஸ் வாடை, ஒரே தெருவுல நாலு பேருக்கு வாந்தி." "மாத்திரை வாங்கிக்கிறா, போடல. காரணம் புருசன் முன்னாடி சொல்ல மாட்டேன்னா." "தண்ணி மஞ்சளா வருது, மூணாவது நாளு." தேதி போட்டிருக்கிறார். யார் கேட்டு எழுதுகிறீர்கள் என்றேன். யாரும் கேட்கவில்லையாம், நோட்டு தீர்ந்ததும் அவரே கடையில் இன்னொன்று வாங்கிக்கொள்கிறாராம். இது நாலாவது நோட்டு.