சடைமுடியும் செவிமடுப்போர் அறமும்

பேராதனையில் பயின்று, பின்னர் அங்கேயே சமூகவியல் கற்பித்த கணநாத் ஒபயசேகர (1930–2025), 1981இல் வெளியிட்ட 'மெடூசாவின் கூந்தல்' மானிடவியல் நூலாகவே பெரிதும் மதிப்பிடப்பட்டு வந்துள்ளது. உளச்சிகிச்சை பயில்வோர்க்குத் தொழில் அறத்தையும் அதன் எல்லைகளையும் கற்பிப்பதற்கும் அந்நூல் உதவும். ஆயின், அதன் சிறப்பைப் போலவே குறையும் இங்கு பாடமாகின்றது.

கதிர்காமத்தில் சடைமுடி தரித்த பெண்ணொருத்தியைக் கண்டபோது தம்முள் எழுந்த கலக்கத்தை ஆசிரியர் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்கிறார். அத்தகைய துறவியர்க்குச் சடை தெய்வம் அளித்த வரம். அவருக்கோ அது மெடூசாவின் தலைபற்றிப் புறொய்ட் எழுதியதை நினைவூட்டியது. பிறர் துயரைக் கேட்பவர் முதலில் தம் மனத்தை ஆராய வேண்டும் என்பதே இதனால் பெறப்படும் பாடம். நோயாளி தம்மீது கொள்ளும் காதலைச் சிகிச்சையாளர் தமது கவர்ச்சியின் வெற்றியாகக் கொள்ளலாகாது என 1915இல் புறொய்ட் எச்சரித்ததும் இதனையொட்டியதே. எல்லையைக் காக்கும் பொறுப்பு நோயாளிக்குரியதன்று, சிகிச்சையாளருக்கே உரியது.

எனினும், அப்பெண்கள் சிகிச்சை நாடி வந்தவரல்லர். அவர்கள் கூறிய அந்தரங்கங்கள் ஆங்கிலமறிந்த அறிஞருக்கான விளக்கமாயின. நூலின் அக்கறை குறியீட்டின் பொருளிலேயே நிலைகொள்கின்றது. அவ்விளக்கத்தால் சொன்னவள் பெற்றது யாது என்ற வினா பின்தங்கிவிடுகின்றது.

கண்டியில் இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. தோட்டத்திலிருந்து வரும் தமிழ்ப் பெண்ணொருத்தி, தமிழறியாத உளவளத்துணையாளர்முன் அமர்கிறாள் எனக் கொள்வோம். இடையிலிருந்து மொழிபெயர்ப்பவர் அவளது தோட்டத்தவராயின் இரகசியம் எவ்வாறு காக்கப்படும்? அவள் 'அக்கா' என்று விளித்தால், உறவுமுறை கூடாதெனத் தடுப்பதா? விலக்குப் பட்டியலை மனனம் செய்த மாணவர் இங்கு திகைப்பர். விலக்கின் காரணத்தை உணர்ந்தவரோ அவ்விளிப்பை ஏற்பர். அவ்வுரிமையைக் கொண்டு அவளிடமிருந்து எதனையும் பெற முற்படார். மொழிபெயர்ப்பவரை ஏற்பதா என்பதையும் அவளிடமே முதலில் கேட்பர்.

ஆகவே, 'இவள் சொல்வதன் பொருள் யாது?' என்று கேட்கப் பழக்கும் இந்நூலை, 'இதனை நான் அறிவதால் பயன்பெறுபவர் யார்?' என்ற வினாவோடு சேர்த்தே வகுப்பறையில் பயிலுதல் வேண்டும். முதல் வினா அறிவை வளர்க்கும். இரண்டாவது வினாவே அவ்வறிவுக்கு எல்லை வகுக்கும்.