தங்கவயலும் திரையும்

கோலார் தங்கவயலை எமது இளைஞருட் பெரும்பாலோர் அறிந்தது 2018இலும் 2022இலும் இரு பாகங்களாக வெளிவந்த 'கே.ஜி.எப்.' என்னும் கன்னடத் திரைப்படத்தின் வாயிலாகவே எனலாம். 1951இல் கண்டுபிடிக்கப்பட்ட நராச்சி என்னும் கற்பனைச் சுரங்கம். அதனுள் அடைபட்ட அடிமைகள். வெளியிலிருந்து வந்து அவர்களை ஆட்கொள்ளும் ஒரு வீரன். கதை 1981இல் முடிகிறது. கற்பனை கலைஞனின் உரிமை. அதை நாம் மறுக்கவில்லை. ஆயின் உண்மையான ஓர் ஊரின் பெயரைச் சூடிக்கொண்டு அவ்வூர் மக்களை அவன் என்ன செய்கிறான் என்று கேட்பது எமது உரிமை.

அங்கு 1880 முதல் சுரங்கம் நடத்தியது ஜோன் டெய்லர் என்னும் ஆங்கிலக் கம்பெனி. வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த கூலிகளே பாறையைக் குடைந்தனர். அவருட் பெரும்பாலோர் நிலமற்ற, ஒடுக்கப்பட்ட சாதித் தமிழர். சம்பியன் ரீப் சுரங்கம் 10,000 அடிக்கும் கீழே இறங்கியது. அழுத்தம் தாங்காது பாறை வெடித்துச் சிதறும். தப்பியவன் நெஞ்சிற் கற்றூசி படிந்து சிலிக்கோசிஸ் நோயால் மெலிவான். இம்மக்கள் வீரனொருவன் வருவான் என்று காத்திருந்தவரல்லர். 1930இல் வேலைநிறுத்தம் செய்தனர், 1946இல் பொலிசாரின் துப்பாக்கிக்கு உயிர் கொடுத்தனர், சங்கம் கட்டினர். 1956இல் சுரங்கங்கள் அரசுடைமையாயின. படத்தின் கதை நிகழும் அதே முப்பது ஆண்டுகளில், உண்மையான தங்கவயலின் தொழிலாளி சங்க உறுப்பினன்; வாக்குரிமை பெற்ற குடிமகன். அவனை வாயற்ற அடிமையாக்கினாலன்றி வீரனுக்கு அங்கே வேலையில்லை!

இன்னொன்று. சயனைட்டுக் கரைசலிற் பொன்னைப் பிரித்தபின் கொட்டிய கழிவு, ஊரைச் சூழ மலைமலையாய்க் குவிந்து கிடக்கிறது. நராச்சிக்குக் களமமைத்தது அம்மேடுகளில்தான். தலைமுறை தலைமுறையாகத் தொழிலாளர் வெட்டி மேலேற்றிய கல்லே அது.

பா. ரஞ்சித்தின் 'தங்கலான்' (2024) இத்தவற்றைச் செய்யவில்லை. நிலமிழந்தவனையும் அவனது சாதித் துயரையும் நடுவில் நிறுத்தியது. அதற்காக நாம் அதனைப் போற்றுகிறோம். எனினும் கம்பெனி வருமுன்னரான பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியோடும், பொன்னைக் காக்கும் ஆரத்தி என்னும் தொன்மத்தோடும் அது நின்றுவிடுகிறது. சுரங்கத்தின் ஆழமும் சங்கமும் இன்னும் திரைக்கு வெளியே.

2001ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆம் திகதி சுரங்கங்கள் மூடப்பட்டன. மக்கள் போகவில்லை. பழைய லைன் வீடுகளில் வாழ்ந்துகொண்டு, விடியுமுன் மாரிகுப்பத்தில் புகையிரதம் ஏறிப் பெங்களூருக்குக் கூலிவேலைக்குச் செல்கின்றனர். கைவிடப்பட்ட நகரம் என எழுதுவோர் கவனிக்க: கைவிட்டது நிர்வாகமே.

இணுவிலிலிருந்து இதனை எழுதுவதற்குக் காரணமுண்டு. எமது ஊரை ஊடறுத்துச் செல்லும் வீதியின் வடமுனையிலேதான் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் எழுந்தது. போரினால் 1990இல் நின்றது. சுண்ணக்கல் அகழ்ந்த கிடங்குகள் அங்கே கிடக்கின்றன. அங்கு உழைத்தோர் முதுமையெய்திவிட்டனர். எமது எழுத்தாளர் அவர்களிடம் இப்போதே செல்லவேண்டும்.