பசியை அடக்கும் ஊசியும் நைட் ஷிஃப்டும்

தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறவருக்குத் தூக்கத்தைவிட முந்திக்கொண்டு பசி வருகிறது. வாயைக் கட்டத் தெரியாதவர் என்று அவரை ஏசுவது சுலபம். 2004இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டார்கள். நன்றாகத் தூங்கிய நாட்களைவிடப் பசியைக் கிளப்பும் கிரெலின் 28 சதவீதம் அதிகம். போதும் என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைவு. 12 பேர் என்பது சொற்ப எண்ணிக்கை, பிற்பாடு வந்த ஆய்வுகள் எல்லாம் இதே அளவைக் காட்டவும் இல்லை. ஆனாலும் பழியை நாக்கின்மேல் மட்டும் போட முடியாது.

இப்படிப்பட்ட உடம்புக்குத்தான் பசியை அடக்கி எடையைக் குறைக்கும் ஊசிகளாக 2025 மார்ச்சில் மவுன்ஜாரோவும் ஜூனில் வெகோவியும் இந்தியச் சந்தைக்கு வந்தன. வெகோவியில் இருப்பது செமாக்ளுடைடு. சாப்பிட்டதும் குடல் சுரக்கும் ஜி.எல்.பி.-1 என்ற ஹார்மோன் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். அதைப் போலவே வேலை செய்யும் இந்த மருந்து வாரக்கணக்கில் தங்கும். கிரெலினை அது நேரடியாகத் தடுப்பதில்லை. கிரெலினின் சத்தம் கேட்காதபடி மேலே உரக்கப் பேசுகிறது, அவ்வளவுதான்.

பலன் உண்டா என்பதில் தகராறு இல்லை. செமாக்ளுடைடின் 68 வார ஆய்வில் எடை ஏறக்குறைய 15 சதவீதம் குறைந்தது. வெற்று ஊசி போட்டவர்களுக்கு 2.4 தான். ஊசியை நிறுத்தி ஓராண்டில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. டயட்டால் இளைத்தவர்களை மெல்போர்னில் ஓராண்டு கழித்துச் சோதித்தபோதும் கிரெலின் உயர்ந்தும் லெப்டின் தாழ்ந்துமே இருந்தன. அது மருந்தில்லா ஆய்வு. ஆனால் உடம்பு பழைய எடையை மறப்பதில்லை என்பதற்குச் சாட்சி. ஆக, 'ஆறு மாசம் போட்டால் போதும்' என்ற பேச்சு நிற்காது.

மவுன்ஜாரோவின் மிகக் குறைந்த டோஸே அறிமுகத்தின்போது மாதம் 14,000 ரூபாய். 2026 மார்ச்சில் இந்தியாவில் செமாக்ளுடைடின் காப்புரிமை முடிந்ததால் அதன் விலை இறங்க வழி பிறந்தது. இறங்கினால் அரைகுறையாகப் போட்டு நிறுத்துகிறவர்களும் பெருகுவார்கள் என்பது என் கவலை.

என் தீர்ப்பு இது. பி.எம்.ஐ. 30ஐத் தாண்டியவர், அல்லது 27க்கு மேல் இருந்து சர்க்கரை, பிரஷர் என்று தொந்தரவு உள்ளவர், நீண்ட காலத்துக்கு என்று தெரிந்தே தொடங்கலாம். ஷிஃப்ட் மாறி மாறி வந்து நாலு கிலோ கூடியவருக்கு இது வேண்டாம். அவருக்கு முதலில் தூக்கம் கிடைக்க வேண்டும். ஏற்கெனவே சர்க்கரைக்குக் கிளிமெபிரைடு மாத்திரை விழுங்குகிறவர் ஊசியால் பசி மங்கிக் கேண்டீன் சாப்பாட்டைத் தவிர்த்தால், விடியற்காலை மெஷின் முன்னாலேயே லோ ஷுகர் ஆகலாம். முதல் ஊசிக்கு முன்பே அந்த மாத்திரையின் அளவை டாக்டர் பார்த்தாக வேண்டும்.