நொடிக்குள் இருக்கும் இருட்டு

2024 ஏப்ரலில் ஒரு ராத்திரி, திட்டக்குடியிலிருந்து அக்கா மகன் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பினான். ரைசன் 5 5600 பிராசஸர். ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் கார்டு. 16 ஜிபி ரேம், ஒரே ஸ்டிக். லிக்விட் கூலர். கண்ணாடி வைத்த கேபினட், உள்ளே கலர் கலராக எரியும் ஃபேன்கள். கடைசி வரியில் '550 வாட் எஸ்எம்பிஎஸ், ஏதாவது ஒண்ணு'. அதற்குக் கீழே: "மாமா, இது ஓகேவா?"

மொபைல் கடையில் ஒன்றரை வருஷம் நின்று சேர்த்த 75,000 ரூபாய். அவன் சொந்தமாக அசெம்பிள் செய்யப்போகும் முதல் கேமிங் கம்ப்யூட்டர். பட்டியலில் ஒவ்வொரு பாகத்துக்கும் அவனிடம் காரணம் இருந்தது. எந்த கேமில் எத்தனை ஃபிரேம் வரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். அந்தக் கடைசி வரிக்கு மட்டும் காரணம் இல்லை. 'ஏதாவது ஒண்ணு'.

மூன்று மாதம் மதிப்புரைகளைப் பார்த்துக் குறிப்பெடுத்த பையனுக்கு, மொத்த மெஷினுக்கும் கரண்ட் கொடுக்கிற பெட்டி மட்டும் எப்படி 'ஏதாவது ஒண்ணு' ஆனது? அவன் கவனக்குறைவு என்று நான் நினைக்கவில்லை. அவன் வாசித்த விமர்சனம் அவனுக்கு அப்படித்தான் கற்றுக்கொடுத்திருக்கிறது.

இலக்கிய இதழில் கிராஃபிக்ஸ் கார்டுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். எனக்குத் தெரிந்த இருபது வயதுக்காரர்கள் ஊன்றி வாசிக்கிற ஒரே விமர்சன வடிவம் இதுதான். நாவலைப் பற்றிய என் கட்டுரையை நம்பி ஒருவர் முந்நூறு ரூபாயை இழக்கலாம். ஹார்டுவேர் மதிப்புரையை நம்பினால் ஒன்றரை வருஷச் சம்பளம் போகும். அப்படியொரு விமர்சனத்துக்கு விமர்சனம் வேண்டாமா?

*

இந்த மதிப்புரைகளின் மையம் ஒரு பட்டை வரைபடம். மேலே நீளமான பட்டை, கீழே குட்டையான பட்டை. நீளமானதை வாங்கு. பட்டையின் நீளம் என்பது சராசரியாக நொடிக்கு எத்தனை ஃபிரேம்.

சராசரியில் ஒரு பழைய கோளாறு உண்டு. ஒரு நொடியில் 60 ஃபிரேம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் 59 ஃபிரேம்கள் தலா எட்டரை மில்லிநொடியில் வந்துவிடுகின்றன. மீதி ஒன்று மட்டும் அரை நொடி எடுத்துக்கொள்கிறது. கணக்குப்படி நொடிக்கு 60 ஃபிரேம், அருமையான மெஷின். விளையாடுகிறவனுக்கோ அரை நொடி திரை உறைந்து நின்றது. அதற்குள் எதிராளி சுட்டுவிட்டான். வரைபடம் பொய் சொல்லவில்லை. ஆனால் அவன் எதை அனுபவித்தானோ அதை மட்டும் விட்டுவிட்டது.

இதை உடைத்தது ஒரு கட்டுரை. 2011 செப்டம்பரில் 'தி டெக் ரிப்போர்ட்' என்ற அமெரிக்க இணையதளத்தில் ஸ்காட் வாஸன் 'இன்சைட் தி செகண்ட்' என்று நீளமாக ஒன்று எழுதினார். கம்ப்யூட்டருக்கு ஒரு நொடி என்பது மிக நீண்ட காலம். அதற்குள் என்னென்னவோ நடந்து முடிந்துவிடும். ஆகவே நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்று எண்ணுவதை விட்டு, ஒவ்வொரு ஃபிரேமும் எத்தனை மில்லிநொடி எடுத்தது என்று பாருங்கள் என்பது அவர் வாதம். 60 ஃபிரேம் சீராக வர வேண்டுமானால் ஒவ்வொன்றும் 16.7 மில்லிநொடிக்குள் முடிய வேண்டும். எது முடியவில்லை, எவ்வளவு பிந்தியது? இன்று மதிப்புரைகளில் சராசரிக்குப் பக்கத்தில் சின்னதாக '1 சதவீத லோ' என்று ஒரு எண் வருகிறதே, மிக மெதுவான ஒரு சதவீத ஃபிரேம்களைப் பற்றிய எண், அது இந்தச் சிந்தனையின் வழி வந்ததுதான்.

நான் இதை நல்ல விமர்சனம் என்று சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. 2013-இல் இதே பார்வையோடு மற்றவர்களும் அளக்கத் தொடங்கினார்கள். இரண்டு கார்டுகளைச் சேர்த்து ஓட்டும் ஏஎம்டியின் ஏற்பாட்டில், எண்ணிக்கையில் வருகிற பல ஃபிரேம்கள் திரையில் ஒரு கீற்றாக மட்டுமே தெரிந்து மறைகின்றன என்பது அம்பலமானது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஃபிரேம்களைச் சீராக அனுப்பும் டிரைவரை ஏஎம்டி வெளியிட வேண்டியதாயிற்று. வாஸன் பின்னால் அதே நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். எப்படி அளப்பது என்ற கேள்வியை மாற்றியதால் செய்யப்படும் பொருளே மாறியது. தமிழில் ஒரு நாவல் மதிப்புரை அப்படி எதையாவது மாற்றியிருக்கிறதா என்று யோசித்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது. நாம் இன்னும் 'ஒட்டுமொத்தமாக நல்ல முயற்சி' என்று சராசரி போட்டுக்கொண்டிருக்கிறோம்.

*

ஆனால் அந்தக் கட்டுரையும், அதன் வழி வந்த மதிப்புரைகளும் ஒரு இடத்தில் நின்றுவிடுகின்றன. அவை நொடிக்குள் நுழைந்தன, சுவருக்குள் நுழையவில்லை. சுவரில் உள்ள பிளக் பாயின்டில் கரண்ட் எப்போதும் ஒழுங்காக வரும், அறை குளுகுளுவென்று இருக்கும் என்பது அவற்றின் சொல்லப்படாத முன்கதை.

வெள்ளாற்றங்கரை ஊருக்கு அந்த முன்கதை பொருந்தாது. இத்தனைக்கும் எங்கள் கடலூர் மாவட்டத்து நெய்வேலியில் 1962 முதல் மின்சாரம் தயாராகிறது. ஊரைச் சுற்றி கரும்பும் நெல்லும். வயலுக்கு த்ரீ ஃபேஸ் வருகிற நேரத்தில் மோட்டார்கள் ஒன்றாக உறுமும்; வீட்டில் டியூப்லைட் ஒரு கணம் கண்ணை மூடித் திறக்கும். எங்கள் அம்மா அதைப் பார்த்தே "மோட்டார் போட்டுட்டாங்க" என்பாள்.

2008-இல் அப்பா அந்த வருஷத்துக் கரும்புப் பணத்தில் எனக்கொரு கம்ப்யூட்டர் வாங்கித் தந்தார். அக்கம்பக்கத்து ஊர்க் கடை ஒன்றில் அசெம்பிள் செய்தது. கேபினட்டோடு எஸ்எம்பிஎஸ் இலவசம் என்றார்கள். தூக்கிப் பார்த்தால் காலி டப்பா மாதிரி கனமே இல்லை. அது ஒரு தகவல் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. பதினோராம் மாதம் ஒரு சாயங்காலம் லைட் மங்கி எரிந்தது, 'டப்' என்று ஒரு சத்தம், கருகல் வாசனை. எஸ்எம்பிஎஸ் தனியாகப் போகவில்லை. மதர்போர்டையும் ஹார்டு டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போனது. அப்பா திட்டவில்லை. "ரிப்பேர் பண்ண எவ்வளவு ஆகும்?" என்று மட்டும் கேட்டார். நான் தொகையைச் சொன்னதும் பேச்சை நிறுத்திவிட்டார். அந்தக் கம்ப்யூட்டர் திரும்ப ஓடவேயில்லை.

பிறகு காலேஜில் படித்தபோதுதான் உள்ளே நடந்தது புரிந்தது. ஒரு எஸ்எம்பிஎஸ் செய்ய வேண்டிய வேலைகளில் ஒன்று, கரண்ட் அறுந்தாலும் தன் கெபாசிட்டரில் சேர்த்துவைத்ததைக் கொண்டு கொஞ்ச நேரம் தாக்குப்பிடிப்பது. எவ்வளவு நேரம்? இன்டெலின் வடிவமைப்பு வழிகாட்டி நெடுங்காலமாகக் கேட்டுவந்தது, முழு லோடில் சுமார் 16, 17 மில்லிநொடி. சாதாரண யுபிஎஸ் பேட்டரிக்கு மாற எடுத்துக்கொள்ளும் சில மில்லிநொடிகளை அந்த இடைவெளிக்குள் கடந்துவிடலாம். விலை குறைக்க நினைப்பவர் முதலில் கைவைப்பது அந்தக் கெபாசிட்டரிலும், வோல்டேஜ் எகிறினால் துண்டிக்கிற பாதுகாப்புச் சர்க்யூட்டிலும்தான்.

16.7 மில்லிநொடி என்பது ஒரு ஃபிரேமின் ஆயுள் என்று மேலே சொன்னேன். ஏறக்குறைய அதே நேரம்தான் இதுவும். திரையில் அந்த அளவு நேரத்தை அளக்கக் கருவிகளும் வரைபடங்களும் வந்துவிட்டன. அதே அளவு இருட்டைச் சுவரிலிருந்து வாங்கித் தாங்குமா என்று பெரும்பாலான மதிப்புரைகள் கேட்பதில்லை.

"80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை இருக்கே மாமா" என்றான் மருமகன். 2004-இல் தொடங்கிய அந்த முத்திரை சொல்வது ஒன்றே ஒன்று: உள்ளே வாங்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் வெளியே தருகிறது. அதையும் சுமார் 23 டிகிரி வெப்பத்தில் சோதிக்கிறார்கள். சித்திரை மாதத்துத் திட்டக்குடியில், மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் அறையில் 23 டிகிரியை விடியற்காலையிலும் பார்க்க முடியாது. சிக்கனத்துக்கான சான்றிதழை நாம் நல்ல குணத்துக்கான சான்றிதழாக வாசிக்கிறோம்.

*

தமிழில் வரும் ஹார்டுவேர் மதிப்புரைகளின் மொழியையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 'பாட்டில்நெக் ஆகாது', 'பட்ஜெட் கிங்', 'ஃபியூச்சர் ப்ரூஃப்'. இவற்றில் கடைசிச் சொல்தான் அதிகச் செலவு வைக்கிறது. ஒற்றை 16 ஜிபி ரேம் ஏன் என்று கேட்டேன். "பின்னாடி இன்னொண்ணு போட்டுக்கலாம் மாமா, ஃபியூச்சர் ப்ரூஃப்." இரண்டு 8 ஜிபி ஸ்டிக்குகளாகப் போட்டால் பிராசஸர் இரண்டு வழியில் தகவல் வாங்கும், கேம் திணறுகிற அந்த மோசமான ஃபிரேம்கள் இன்றைக்கே குறையும். வரப்போகும் ஒரு நாளுக்காகக் கையில் இருக்கும் நாளைக் குறைத்துக்கொள்ளச் சொல்கிறது அந்தச் சொல்.

வருங்காலம் சில சமயம் கைகொடுப்பதும் உண்டு. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டை 2017-இல் வாங்கியவர்களில் பலர், பயாஸை மட்டும் புதுப்பித்து 2022-இல் வந்த பிராசஸரை அதே போர்டில் பொருத்தினார்கள். ஆனால் அப்படி நடக்கும் என்று 2017-இல் எந்த வரைபடமும் காட்டவில்லை. 'ஃபியூச்சர் ப்ரூஃப்' பின்னால் திரும்பிப் பார்த்துச் சொல்ல வேண்டிய சொல்.

சராசரியும் வருங்காலமும் யாருக்காகப் பேசுகின்றன? ஒன்று போனால் இன்னொன்று வாங்க முடிகிறவருக்காக. மதிப்புரையாளர் மேசையில் பத்து கார்டுகள் இருக்கின்றன. ஒன்று பழுதானால் அது அவருக்கு ஒரு காணொளி. திட்டக்குடியில் பழுதானால் மெஷினைத் துணியில் சுற்றிக்கொண்டு சென்னை ரிச்சி தெருப் பக்கம் பஸ் ஏற வேண்டும். வாரன்டி இருந்தாலும் ஒரு நாள் சம்பளம் போய்விடும். ஒரே ஒரு முறை வாங்குகிறவன் கேட்க வேண்டிய கேள்வி, நல்ல நாளில் இது எவ்வளவு வேகம் என்பதல்ல. கெட்ட நாளில் என்ன ஆகும் என்பதுதான். இதுதான் என் கட்சி. அவனிடமும் இதைச் சொல்லி, 4060-ஐ விட்டுவிட்டு விலை குறைந்த ஆர்எக்ஸ் 6600 வாங்கு, மிச்சத்தில் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸும் யுபிஎஸ்ஸும் வாங்கு என்றேன்.

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு போன் செய்தான்.

"மாமா, 6600 எத்தனை வாட் எடுக்கும்?"

"132."

"4060?"

"115."

"அப்ப நீங்க சொல்ற கரண்ட்டு, சூடு கணக்குப்படியே 4060 தான மேல? வேகமும் கூட. நீங்க கணக்குப் பாக்கல மாமா. பயத்துல சொல்றீங்க."

எனக்குப் பதில் வரவில்லை. 2008-ஆம் வருஷத்துக் கருகல் வாசனையோடு நான் அவன் பட்டியலை வாசித்திருக்கிறேன். மிக மோசமான ஒரு சதவீதத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால் மீதி தொண்ணூற்றொன்பது சதவீதத்தில் ஒருவன் சந்தோஷமாக விளையாடுகிறான் என்பது மறந்துபோகிறது. அதுவும் கோணலான விமர்சனம்தான்.

அவனுடைய ஆசை எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியும். வாஸன் கட்டுரை வந்த அதே 2011 செப்டம்பரில்தான், 15-ஆம் தேதி, தமிழ்நாட்டில் அரசு இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. அந்த டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. 2012 முழுக்க மின்வெட்டு. பல ஊர்களில் ஒரு நாளில் பாதி நேரம் கரண்ட் இருக்காது. அந்த இருட்டில், சித்தப்பா மகளுக்குப் பள்ளியில் கிடைத்த லேப்டாப்பில் பேட்டரி தீரும்வரை தெருப்பையன்கள் சுற்றி உட்கார்ந்து 'வைஸ் சிட்டி' விளையாடினார்கள். ஏழு வயதில் இவன் அந்தக் கூட்டத்தில் கடைசி வரிசை. முறை வருவதற்குள் பேட்டரி தீர்ந்துவிடும். எத்தனை ஃபிரேம் வந்தது என்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

கடைசியில் பட்டியலை இருவரும் சேர்ந்து திருத்தினோம். 4060 அப்படியே இருந்தது. லிக்விட் கூலர் போனது; 5600 பெட்டியிலேயே ஒரு கூலர் வருகிறது, போதும். ரேம் இரண்டு ஸ்டிக் ஆனது. கண்ணாடி முகப்புக்குப் பதில் காற்று நுழையும் வலை முகப்பு. அந்த மிச்சத்தில், உள்ளே பிரித்துச் சோதித்து எழுதப்பட்ட மதிப்புரை இருக்கும் எஸ்எம்பிஎஸ் ஒன்றும் 1 கேவிஏ யுபிஎஸ்ஸும். கலர் ஃபேன் வேண்டாம் என்றேன். "அது இருக்கட்டும் மாமா" என்றான். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மே மாதம் ஊருக்குப் போயிருந்தபோது பழைய டிவியில் இணைத்து விளையாடிக்கொண்டிருந்தான். ஏழு மணி வாக்கில் கரண்ட் போனது. மேலே ஓடிய ஃபேன் மெல்ல நின்றது, யுபிஎஸ் கீச்சிட்டது, கேபினட்டுக்குள் மட்டும் நீலமும் சிவப்பும் எரிந்துகொண்டிருந்தன. டிவியை அவன் யுபிஎஸ்ஸில் செருகவில்லை. ஆட்டம் எங்கேயோ ஓடிக்கொண்டிருக்க, திரை மட்டும் கருப்பு.

"டிவியையும் இதுலயே குடுத்துரலாமா மாமா?" என்றான் இருட்டில்.

யுபிஎஸ் தாங்குமா என்று வாட் கணக்குப் போட ஆரம்பித்தோம்.