உயரழுத்த நீரும் சுர்க்கிச் சுவரும்

வீட்டின் வெளிப்புறத்தை உயரழுத்த நீரால் பீய்ச்சிக் கழுவும் முறைக்குக் கொல்கத்தாவில் வேலைக்குக் குறைவில்லை. ஆண்டுக்கு 1,600 மி.மீ.க்கும் மேல் மழை, விலகாத புழுக்கம்; வெள்ளையடித்த சுவரில் சில மழைக்காலங்களுக்குள் கரும்பாசி ஏறிவிடும். மாடித்தொட்டிக் குழாயில் ஒரு பார் அழுத்தம் தேறுவதே அரிது. வீட்டு உபயோக பிரஷர் வாஷரோ சுமார் 100 பாரில் சீறுகிறது. குழாயைத் திறந்துவிட்டுக் கழுவுவதைவிடத் தண்ணீரும் குறைவு. சிமென்ட் மொட்டைமாடி, கார் நிறுத்தும் தளம், வாசற்படி ஆகியவற்றின் வழுக்குப்பாசிக்கு இது அருமையான கருவி. கருந்தரையில் வெள்ளைக் கோடு விழுவதைப் பார்க்கும் இன்பமே பாதி விற்பனையைச் செய்துவிடுகிறது எனலாம்.

சிக்கல் சுவரில்தான். சோபாபஜார், பாக்பஜார் பக்கத்துப் பழைய வீடுகள் சுண்ணாம்பும் சுர்க்கி எனப்படும் செங்கற்பொடியும் கலந்த காரையால் எழுந்தவை. ஈரத்தை வாங்கி வெயிலில் வெளியே விடுவது அந்தக் காரையின் குணம். நாள்பட்டதை நகத்தால் கீறினாலே பொடி உதிரும். நீர்முனையைச் சுவருக்கு ஒரு சாண் அருகே கொண்டுபோனால் பாசியோடு பூச்சும் வந்துவிடும். வழியும் நீர் கருப்பு மாறிச் செங்காவி நிறத்தில் ஓடத் தொடங்கினால், கரைவது சுர்க்கி என்று அறியலாம்.

கொர்கொரி எனப்படும் மரச்சட்டச் சன்னல்கள் மேலிருந்து விழும் மழையைத் தள்ளிவிடச் சாய்த்து அமைக்கப்பட்டவை. கீழே நின்று மேல்நோக்கிப் பீய்ச்சும் நீரை அவை நேராக அறைக்குள் விட்டுவிடும். கார்னிஸில் முளைத்த அரசங்கன்றின் இலை போகும், வேர் போகாது. நீர் பாய்ந்து அகன்ற இடுக்கில் அது இன்னும் செழிக்கும்.

எல்லாவற்றையும்விடப் பிழையானது காலம். துர்கா பூஜைக்குமுன் கழுவிப் பெயின்ட் அடித்துவிட வேண்டும் என்ற அவசரம் எல்லோருக்கும் உண்டு. பருவமழை நகரை விட்டு நீங்குவதோ அக்டோபர் நடுவாக்கில்தான். ஏற்கெனவே நனைந்த சுவருக்குள் மேலும் நீரைச் செலுத்தி, அது காயுமுன் பிளாஸ்டிக் எமல்ஷனால் மூடினால், உள்ளே சிக்கிய ஈரம் உப்பைத் தள்ளிக்கொண்டு வரும். பெயின்ட் கொப்புளித்து உரியும். பழியெல்லாம் பெயின்ட் கம்பெனிக்கு.

தாஜ்மகாலின் சலவைக்கல்லில் படியும் மஞ்சளைத் தொல்லியல் துறை முல்தானி மண்ணைப் பூசி, காய்ந்தபின் கழுவி எடுக்கிறது. சுர்க்கிச் சுவருக்கும் அந்த நிதானம் தேவை: பாசிக்கொல்லி தெளித்துக் காயவிட்டு, தும்புப் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். சிமென்ட் பூச்சுள்ள புதிய அடுக்ககங்கள் 40 பாகை விசிறிமுனையைத் தள்ளிப் பிடித்தால் தாங்கும். பழைய வீட்டுக்காரர் இயந்திரத்தை முற்றத்துத் தரையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சுவர் வேலையை டிசம்பருக்குத் தள்ளிவைக்கலாம்.