தரவரிசையும் உறவுநிலையும்: ஹார்த்ஸ்டோன் விளையாட்டின் போட்டிக் கட்டுகள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

எண்ணிம அட்டை விளையாட்டுகளில் எந்தக் கட்டு வலியது என்னும் வினாவுக்குத் தரவரிசைப் பட்டியல்களே விடையாகக் கொள்ளப்படுகின்றன. ஒரு கட்டின் வலிமை அக்கட்டுக்குள் உறையும் பண்பு அன்று, அது களத்தில் எதிர்கொள்ளும் பிற கட்டுகளோடு கொள்ளும் உறவு என்பதை ஹார்த்ஸ்டோன் விளையாட்டின் சில நிகழ்வுகளைக் கொண்டு இக்கட்டுரை நிறுவுகிறது. வெளியீட்டு நிறுவனம் அட்டைகளின் பாடத்தைத் திருத்தும்போது அவ்வுறவு என்னவாகிறது, அதன் இழப்பை யார் ஏற்கின்றனர் என்பனவும் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஹார்த்ஸ்டோன், அட்டைக்கட்டு, மெட்டா, தரவரிசை, வலுக்குறைப்பு, பாடவேறுபாடு.

முன்னுரை

பிளிசார்ட் என்டர்டெயின்மென்ட் நிறுவனம் 2014 மார்ச்சில் முழுமையாக வெளியிட்ட ஹார்த்ஸ்டோன், இருவர் எதிரெதிரே ஆடும் எண்ணிம அட்டை விளையாட்டாகும். விளையாட்டாளர் ஒருவர் ஒரு வகுப்பைத் தெரிந்துகொண்டு 30 அட்டைகளால் தம் கட்டை அமைக்கிறார். ஓர் அட்டையின் இரண்டு படிகளுக்கு மேல் கட்டில் இடம்பெறலாகாது. லெஜண்டரி என்னும் உயர்வகை அட்டையாயின் ஒரு படியே இடம்பெறலாம். விதி எளிது. ஆயினும் நூற்றுக்கணக்கான அட்டைகளிலிருந்து 30 அட்டைகளைத் தெரியும் வழிகளோ எண்ணிலடங்கா.

அத்தனை வழிகளுள் போட்டியில் நிலைப்பவை மிகச் சில. அச்சிலவற்றின் தொகுதியையும் அவை ஒன்றையொன்று வெல்லும் முறையையும் சேர்த்தே விளையாட்டாளர்கள் 'மெட்டா' என வழங்குகின்றனர். மெட்டாவை விளக்க எழுந்த எழுத்துகளுள் பெருவழக்குப் பெற்றது தரவரிசைப் பட்டியலாகும். முதல் தரம், இரண்டாம் தரம் எனக் கட்டுகளை அடுக்கிக் காட்டும் இவ்வடிவம் பயன் மிக்கது. ஆனால், உறவைப் பண்பாகக் காட்டும் பிழை அதன் அமைப்பிலேயே பொதிந்துள்ளது. அப்பிழையின் விளைவுகள் விளையாட்டாளரின் கைப்பொருள் வரை நீள்கின்றன.

1. சராசரி மறைப்பவை

போட்டிக் கட்டுகள் பொதுவாக மூவகைப்படும். ஆக்ரோ என்பது தொடக்கத்திலேயே விரைந்து தாக்கி முடிப்பது. கண்ட்ரோல் என்பது எதிராளியின் தாக்குதலைத் தடுத்து ஆட்டத்தை நீட்டி வெல்வது. காம்போ என்பது குறிப்பிட்ட அட்டைகள் கையில் கூடும்வரை காத்திருந்து ஒரே வீச்சில் முடிப்பது. இவற்றுள் எதுவும் எல்லாவற்றையும் வெல்வதில்லை. ஒன்றுக்கு எளிதான எதிரி மற்றொன்றுக்குக் கொடிய எதிரியாகிறது.

இதனை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். க, ச, த என மூன்று கட்டுகள் மட்டுமே உள்ளதாகக் கொள்க. க என்பது சவையும், ச என்பது தவையும், த என்பது கவையும் நூற்றுக்கு 60 ஆட்டங்களில் வெல்கின்றன. தம் வகையோடு மோதும்போது வெற்றி சரிபாதி. களத்தில் க 50 விழுக்காடும், ச 30 விழுக்காடும், த 20 விழுக்காடும் இருப்பின் கவின் மொத்த வெற்றி 51 விழுக்காடு. கவும் தவும் தம் அளவை மாற்றிக்கொண்டு, க 20 ஆகவும் த 50 ஆகவும் அமையின் கவின் வெற்றி 48 விழுக்காடாகக் குறைகிறது. கட்டில் ஓர் அட்டையும் மாறவில்லை. ஆடுபவரின் திறனும் மாறவில்லை. மாறியது களம் மட்டுமே. தரவரிசையோ முதற்களத்தில் கவைச் சவுக்கு மேலே வைக்கும். இரண்டாம் களத்தில் மூன்றனுள் கடைசியாக வைக்கும்.

இக்கணக்கு வேறோர் உண்மையையும் காட்டுகிறது. இரு களங்களிலும் எல்லாக் கட்டுகளின் வெற்றியையும் அவற்றின் அளவுக்கேற்ப நிறையிட்டுக் கூட்டினால் 50 விழுக்காடே வரும். ஒருவரின் வெற்றி மற்றொருவரின் தோல்வியாதலால் இது மாறா விதி. எனவே எந்தத் திருத்தத்துக்குப் பின்னும் சில கட்டுகள் சராசரிக்கு மேலும் சில கீழும் நிற்கவே செய்யும். முதல் தரக் கட்டு ஒன்று இருப்பதையே களம் சீர்கெட்டதற்குச் சான்றாகக் கொள்வது பொருந்தாது.

2016 முதல் வெளிவரும் விஷஸ் சிண்டிகேட் குழுவினரின் டேட்டா ரீப்பர் அறிக்கைகள் இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை. விளையாட்டாளர்கள் தாமே முன்வந்து அளிக்கும் ஆட்டப் பதிவுகளிலிருந்து ஒவ்வொரு கட்டும் ஏனைய கட்டுகளோடு மோதிய விளைவை அவை தனித்தனியே அட்டவணைப்படுத்துகின்றன. அவ்வட்டவணையே உறவுகளின் வரைபடம். ஆனால், வாசகர் பலரின் கண் அதனைக் கடந்து இறுதித் தரவரிசையிலேயே நிலைக்கிறது. பட்டியலைக் கண்டு பலரும் முதற்கட்டை எடுத்தாட, களத்தின் விகிதம் மாறுகிறது. விகிதம் மாற, பட்டியல் தன் உண்மையை இழக்கிறது. தான் விவரிக்கும் பொருளைத் தானே மாற்றிவிடும் எழுத்து இது.

போட்டி முறையும் இவ்வுறவில் தலையிடுகிறது. கான்குவெஸ்ட் முறையில் விளையாட்டாளர் பல கட்டுகளைக் கொணர்கிறார். ஒவ்வொரு கட்டாலும் ஒருமுறை வென்றாக வேண்டும். எதிராளியின் கட்டு ஒன்றைத் தடைசெய்யவும் இயலும். ஒரே ஒரு கொடிய எதிரியை உடைய கட்டு, அவ்வெதிரி தடைசெய்யப்பட்டால் அச்சமின்றிக் களமிறங்கும். 2019இல் தொழில்முறைப் போட்டிகளில் அறிமுகமான ஸ்பெஷலிஸ்ட் முறையிலோ ஒரே கட்டும் அதில் ஐந்து அட்டைகள் வரை மாற்றிய இரு திரிபுகளுமே அனுமதிக்கப்பட்டன. அங்கு எதிரியை விலக்கும் வழியில்லை. முன்னதில் சிறந்த கட்டு பின்னதில் சிறக்கும் என்பதற்கு உறுதியில்லை.

2. வலிமையும் விலக்கலும்

வெளியீட்டு நிறுவனம் ஓர் அட்டையின் ஆற்றலைக் குறைப்பதை விளையாட்டாளர்கள் 'நெர்ஃப்' என்பர். இக்கட்டுரை அதனை வலுக்குறைப்பு எனக் குறிக்கிறது. வலுக்குறைப்புகள் யாவும் ஒரே காரணத்தால் நிகழ்வன அல்ல. இருவேறு காரணங்கள் இதனைத் தெளிவாக்கும்.

முதலாவது அண்டர்டேக்கர். 2014 ஜூலையில் நாக்ஸ்ராமஸ் தொகுதியோடு வந்த இப்படையாளின் விலை ஒரு மானா. இறக்கும்போது பலன் தரும் படையாளை அதன் உடையவர் இறக்கும் ஒவ்வொரு முறையும் இதன் தாக்கும் ஆற்றலும் உயிரும் ஒவ்வொன்று கூடின. முதல் முறையிலேயே இது கைக்கு வந்தவர் பெரும்பாலும் ஆட்டத்தைத் தம் வழிக்குத் திருப்பினார். 2015 ஜனவரியில், தாக்கும் ஆற்றல் மட்டுமே கூடும் எனப் பாடம் திருத்தப்பட்டது. இங்குக் குறை வலிமையின் மிகுதி.

இரண்டாவது தி கேவர்ன்ஸ் பிலோ. 2017 ஏப்ரலில் ஜர்னி டு அன்கோரோ தொகுதியோடு ரோக் வகுப்புக்கு வந்த இவ்வட்டை, ஒரே பெயருடைய படையாள்களை நான்கு முறை இறக்கினால் பரிசு ஒன்றை அளித்தது. அப்பரிசைப் பயன்படுத்திய பின் உடையவரின் எல்லாப் படையாள்களும் ஆற்றல் 5, உயிர் 5 என உயர்ந்தன. விரைந்து தாக்கும் கட்டுகளிடம் இது எளிதில் வீழ்ந்தது. நிதானமாக ஆடும் கண்ட்ரோல் கட்டுகளையோ நிலைகுலையச் செய்தது. 2017 ஜூலையில் நான்கு என்பது ஐந்தாக உயர்த்தப்பட்டபோது நிறுவனம் காட்டிய காரணம், இக்கட்டு மெதுவான கட்டுகளைக் களத்திலிருந்தே தள்ளிவிடுகிறது என்பதாகும்.

இவ்விரு நிகழ்வுகளையும் தரவரிசைக் கண்கொண்டு நோக்குவார்க்கு இரண்டாவது விளங்காத புதிராகும். எல்லாரையும் வெல்லாத கட்டை ஏன் ஒறுக்க வேண்டும்? உறவுநிலைக் கண்கொண்டு நோக்கினால் புதிர் அவிழும். அக்கட்டு பெற்ற வெற்றிகளின் தொகையைக் காட்டிலும், அது பிறர்க்கு இல்லாமற் செய்த வாய்ப்பே அங்கு அளவிடப்பட்டது. தன் சராசரியை உயர்த்தாமலே ஒரு கட்டு களத்தை வறுமைப்படுத்தக்கூடும். இதனை நிறுவனத்தின் விளக்கமே ஒப்புக்கொண்டது. பட்டியல்களின் மொழி அதற்கு இடந்தரவில்லை.

3. பாடம் மாறும் அட்டை

அச்சிட்ட அட்டை விளையாட்டில் ஓர் அட்டையைப் போட்டியிலிருந்து தடைசெய்யலாம்; அச்சான பழைய பாடம் உடையவர் கையில் எஞ்சும். எண்ணிம அட்டையில் நிலை வேறு. திருத்தம் வெளியாகும் நாளிலேயே பழைய பாடம் எல்லார் கையிலிருந்தும் மறைகிறது. சுவடி மரபில் பாடவேறுபாடுகள் அருகருகே வாழும். இங்குப் பிந்திய பாடம் முந்தியதை அழித்தே நிலைபெறுகிறது.

வார்சாங் கமாண்டர் இதற்குத் தக்க சான்று. மூன்றோ அதற்குக் குறைவோ ஆற்றலுடைய படையாளை இறக்கினால் அது உடனே தாக்கலாம் என்பது வாரியர் வகுப்பின் இவ்வட்டையில் இருந்த பழைய பாடம். 2015 ஏப்ரலில் பிளாக்ராக் மவுண்டன் தொகுதியோடு கிரிம் பேட்ரன் வந்தது. ஆற்றல் மூன்றுடைய அது, அடிபட்டு உயிர் பிழைக்கும் ஒவ்வொரு முறையும் தன்னைப் போன்ற மற்றொன்றைப் பிறப்பித்தது. இரண்டும் கூடியபோது, பிறந்த ஒவ்வொரு பேட்ரனும் அந்தக் கணமே தாக்கி, தாக்கிய அடியில் தானும் அடிபட்டு, மேலும் பெருகியது. அண்டர்டேக்கரைப் போல எடுத்தவுடன் ஆடத்தக்க கட்டன்று இது. எந்த அடி யார்மேல் முதலில் விழ வேண்டும் என்பதைக் குறுகிய நேரத்துக்குள் கணித்தே ஆட வேண்டியிருந்தது. தேர்ந்தவர் கையில் அச்சமூட்டியதும் கல்லாதவர் கையில் தோற்றதும் ஒரே கட்டுதான். இவ்வேறுபாட்டையும் சராசரி விழுங்கிவிடும்.

2015 அக்டோபரில் வார்சாங் கமாண்டரின் பாடம், உடனே தாக்கும் ஆற்றல் பெற்ற படையாள்களுக்குத் தாக்கும் ஆற்றல் ஒன்று கூடும் என மாற்றப்பட்டது. பேட்ரனின் பாடத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆனால், இரண்டுக்கும் இடையிலிருந்த உறவு அறுந்தது. அதனால் ஒரு கட்டு மறைந்தது.

இழப்பைக் கணக்கிடும் முறையில் இவ்வுண்மை மறக்கப்படுகிறது. விளையாட்டில் அட்டைகளைச் சிதைத்துப் பெறும் தூளால் வேறு அட்டைகளை ஆக்கலாம். லெஜண்டரி அட்டை ஒன்றை ஆக்க 1600 தூள் வேண்டும். சிதைத்தால் 400 மட்டுமே கிடைக்கும். வலுக்குறைக்கப்பட்ட அட்டைக்குக் குறிப்பிட்ட காலம்வரை முழு விலையும் திரும்பத் தரப்படுகிறது. இச்சலுகை பாடம் மாறிய அட்டைக்கே உரியது. அதனை நம்பிச் சேர்த்த ஏனைய அட்டைகளுக்கு இல்லை. வார்சாங் கமாண்டரோ எல்லார்க்கும் இலவசமாகக் கிடைத்த அடிப்படை அட்டை. பேட்ரனுக்காகத் தொகுதியைப் பொன்னோ பணமோ கொடுத்து வாங்கியவர், தம் கட்டை இழந்தும் ஈடு பெறவில்லை. இழந்தது உறவு, ஈடு வகுக்கப்பட்டதோ தனி அட்டைக்கு. தரவரிசை செய்யும் பிழையையே ஈட்டு விதியும் செய்கிறது.

4. விடை காணும் காலம்

களம் சாயும்போது அதனை நேர்செய்ய இருவழிகள் உள. ஒன்று, பாடத்தைத் திருத்துதல். மற்றொன்று, எதிர் அட்டையைத் தந்து விடையை விளையாட்டாளரிடம் விடுதல். ஜேட் ஐடல் என்னும் ஒரு மானா மந்திரம் தன் மூன்று படிகளைக் கட்டுக்குள் கலக்க வல்லது. ஆதலால் அதனை ஆண்ட டுரூயிட் வகுப்பினரின் கட்டு தீரவே தீராது. எதிராளியின் அட்டைகள் தீரும்வரை காத்திருந்து வெல்லும் கட்டுகள் இதன்முன் பொருளிழந்தன. 2017 ஆகஸ்டில் வந்த ஸ்கல்கிங் கைஸ்ட், இருவரின் கையிலும் கட்டிலும் உள்ள ஒரு மானா மந்திரங்கள் அனைத்தையும் அழித்தது. இது இரண்டாம் வழி. எனினும் அது மட்டும் போதவில்லை. அடுத்த மாதமே டுரூயிட்டின் இன்னர்வேட், ஸ்பிரெடிங் பிளேக் ஆகியவற்றின் பாடங்கள் திருத்தப்பட்டன. ஒரு விடை ஓர் உறவையே மாற்றும். வலிமை வேறு உறவுகளில் ஊன்றியிருப்பின் கட்டு நிற்கும் என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

காலமும் இங்குக் கருதத்தக்கது. அண்டர்டேக்கர் திருத்தம்பெற ஏறத்தாழ ஆறு மாதங்கள் ஆயின. 2020 ஏப்ரலில் புதிய வகுப்பாக வந்த டீமன் ஹண்டரின் அட்டைகளோ வெளியான சில நாள்களுக்குள் திருத்தப்பட்டன. நீண்ட காத்திருப்பு விளையாட்டாளரைச் சலிப்புறச் செய்தது உண்மையே. ஆயினும் விடை தேடும் காலம் சுருங்கும்போது, எதிர்க்கட்டைக் கண்டறியும் பணி விளையாட்டாளரிடமிருந்து நிறுவனத்துக்குக் கைமாறுகிறது. புதுக் கட்டுகளைப் படைப்போர் களத்தைப் படிப்பதை விடுத்து அடுத்த திருத்தத்தை எதிர்நோக்கத் தலைப்படுவர். விரைவின் நன்மையை மறுக்காமலே இவ்விலையையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

முடிவுரை

2021 மார்ச்சில் நிறுவனம் கிளாசிக் என்னும் ஆட்டமுறையை அறிமுகப்படுத்தி, அட்டைகளை 2014 ஜூன் மாதப் பாடங்களுக்கு மீட்டது. வார்சாங் கமாண்டரின் பழைய சொற்களும் அங்கு மீண்டன. ஆனால் 2015இல் பிறந்த கிரிம் பேட்ரன் அங்கு இல்லை. பழைய பாடம் திரும்பியும் பழைய கட்டு திரும்பவில்லை. 2023இல் அவ்வாட்டமுறையும் நீக்கப்பட்டது. வலிமை அட்டையில் எழுதப்பட்ட சொற்களில் உறைவதாயின், சொற்கள் மீண்டபோது அதுவும் மீண்டிருக்க வேண்டும்.

ஆகவே, போட்டிக் கட்டுகள் பற்றிய திறனாய்வு 'எது முதல் தரம்' என்னும் வினாவோடு நின்றுவிடலாகாது. எக்கட்டு எதனை இயலச் செய்கிறது, எதனை இல்லாமற் செய்கிறது, ஓர் அட்டை திருத்தப்படும்போது அதனோடு அறுபடும் உறவுகள் எவை, அவ்விழப்பு யார் கணக்கில் சேர்கிறது என்பனவே அது எழுப்ப வேண்டிய வினாக்கள். மோதல் அட்டவணைகள் ஏற்கெனவே கைவசம் உள்ளன. அவற்றை இறுதிப் பட்டியலுக்கான மூலப்பொருளாக மட்டும் கொள்ளாது, முதன்மைப் பாடமாகக் கொண்டு வாசிக்கும் முறையே இனி வளர வேண்டும்.