இரண்டு ‘தெரியாமல்’

எங்கள் சிம்பாங் அம்பாட் சந்தியில் மோட்டார் சைக்கிளை இடித்தவர் “தெரியாம இடிச்சிட்டேன்” என்பார். இடிபட்டவர் விடமாட்டார்: “கண்மண் தெரியாம ஓட்டினா அப்படித்தான்!” ஒரே சொல். முதல் வாயில் அது மன்னிப்புக் கேட்கிறது, இரண்டாவதில் குற்றம் சாட்டுகிறது. பார்க்க முடியாமல் போனது வேறு, பார்க்க வேண்டியவர் பார்க்காமல் விட்டது வேறு.

ஆக்ஸ்ஃபோர்டு தத்துவவாதி ஜே.எல். ஆஸ்டின் 1956இல் சாக்குகளைப் பற்றி ஆற்றிய உரை இத்தகைய வேறுபாடுகளைத் தேடியது. மனநலக் காப்பகத்தில், தொட்டியில் நோயாளி இருக்கும்போது தவறுதலாகச் சுடுநீரைத் திறந்துவிட்ட பணியாளர் ஒருவர்மேல் 1874இல் நடந்த வழக்கை அவர் எடுத்துக்கொண்டார். நீதிபதியும் வழக்கறிஞரும் வெவ்வேறு சாக்குச் சொற்களை ஒன்றாகவே பாவித்தார்கள். சொல்லை அளந்து பேசியவர் அந்தப் பணியாளர்தான் என்றார் ஆஸ்டின்.

அவர் கவலை வீணல்ல. 2017 பிப்ரவரி 18 அதிகாலை மூன்று மணிக்குமேல், ஜொகூர் பாருவில் சைக்கிளில் திரண்டிருந்த பதின்ம வயதினர்மீது ஒரு கார் மோதி எட்டுப் பேர் இறந்தார்கள். ஓட்டிய இளம்பெண்ணை மாஜிஸ்திரேட் நீதிமன்றம் 2019இலும் 2021இலும் விடுவித்தது. 2022இல் உயர் நீதிமன்றம் ஆறாண்டுச் சிறையும் 6,000 வெள்ளி அபராதமும் விதித்தது. 2023 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. மலாயில் ‘மெலுலு’ அல்லது ‘பெர்பஹாயா’, அதாவது கண்மூடித்தனமாகவோ ஆபத்தாகவோ ஓட்டினார் என்று இரு குற்றங்களை ஒரே குற்றச்சாட்டில் திணித்தது பிழை என்பது அது சொன்ன முக்கியக் காரணம். முதற்சொல் ஓட்டியவரின் மனப்போக்கைத் தொடுகிறது. மற்றது ஓட்டிய விதத்தை. எதற்குப் பதில் சொல்வது என்று தெரியாதவர் எப்படி வாதாடுவார்? இந்த இடத்தில் ஆஸ்டின் பக்கமே நான் நிற்கிறேன்.

ஆனால் அதற்கு அப்பால் அவர் முறை கைகொடுக்காது. அன்றாட மொழி முதற்சொல்தான், இறுதிச் சொல் அல்ல என்று அவரே ஒப்புக்கொண்டவர். அந்தப் பெண் சொல்லக்கூடியது எந்தத் ‘தெரியாமல்’? கீழ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் சொற்பொருளில் மோதிக்கொண்டதாக எனக்குத் தோன்றவில்லை. இருண்ட சாலையில், அந்த நேரத்தில், சைக்கிள் கூட்டத்தை ஒருவர் எதிர்பார்த்திருக்க வேண்டுமா என்பதில்தான் பிளவு. குற்றச்சாட்டைப் பிசிறின்றி எழுதியிருந்தாலும் அந்த ‘வேண்டுமா’வுக்குத் தமிழிலோ மலாயிலோ எந்தச் சொல்லும் பதில் தராது. சாலையின் வளைவையும் வெளிச்சத்தையும் காரின் வேகத்தையும் வைத்து ஒரு மனிதர்தான் தீர்மானிக்க வேண்டும்.